செயின் ஹோட்டலில் இரண்டு இரவு: குறைந்த செலவில் நல்ல அறை பிடிப்பது எப்படி?

ஹோட்டல் என்றால் தமிழில் சாப்பாட்டுக் கடையும் உண்டு, தங்கும் இடமும் உண்டு. இங்கே பேசப்போவது தங்கும் ஹோட்டல். அதிலும் ஒரே பெயர்ப் பலகையோடு ஊர் ஊராக நிற்கிற பட்ஜெட் செயின் ஹோட்டல். சனி ஞாயிறோடு ஒருநாள் லீவு சேர்த்து எங்காவது போய்வர நினைப்பவர்களுக்கு இது வசதியான ஏற்பாடு. ஆனால் ஒரே செயினில் ஒரு கட்டடம் பளிச்சென்று இருக்கும், அடுத்த ஊரில் இருப்பது ஈர வாடை அடிக்கும். பெயரைப் பார்த்து புக் செய்தவர்கள் ஏமாறுவது இங்கேதான். பிராண்டை நம்பிப் பாதி வேலையை முடிக்கலாம். மீதிப் பாதிக்கு அந்தக் குறிப்பிட்ட கட்டடத்தைப் பார்த்தாக வேண்டும்.

பெயர் எதற்கு உத்தரவாதம், எதற்கு இல்லை

பட்ஜெட் செயினின் கணக்கு எளிமையானது. தூங்க வருகிறவருக்கு என்ன வேண்டுமோ அதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுவது. 1962-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் தொடங்கிய மோட்டல் 6, ஓர் இரவுக்கு 6 டாலர் என்ற கட்டணத்தையே பெயராக வைத்துக்கொண்டது. 1974-இல் வந்த சூப்பர் 8-இன் முதல் கட்டணம் 8.88 டாலர். அதே 1974-இல் பிரான்சின் போர்தோவில் முதல் ஐபிஸ் ஹோட்டல் திறந்தது. பெரிய லாபி, பெட்டி தூக்க ஆள், நீச்சல் குளம், நள்ளிரவு ரூம் சர்வீஸ் எல்லாம் போய், ஒரே அளவு அறை, ஒரே மாதிரிக் கட்டில், ஒரே மாதிரிக் குளியலறை என்று வந்தது இந்த வழியில்தான்.

ஆகவே செயின் பெயர் உறுதி தருவது சில விஷயங்களுக்கு மட்டும்: மெத்தையின் தரம், துணிகளின் சுத்தம், ஷவர், எலக்ட்ரானிக் பூட்டு, தீயணைப்பு ஏற்பாடு, புகார் சொல்ல ஒரு தலைமை அலுவலகம். அக்கம்பக்கத்து இரைச்சல், சுவரின் தடிமன், கட்டடத்தின் வயது, ரிசப்ஷனில் நிற்பவரின் சுபாவம் இவற்றுக்கெல்லாம் பெயர்ப் பலகை பொறுப்பேற்காது.

காரணம், யார் நடத்துகிறார்கள் என்பது. பல பெரிய குழுமங்கள் பெயரை ஃபிரான்சைஸ் முறையில் கொடுத்துவிட்டு, நடத்தும் வேலையை உள்ளூர் முதலாளியிடம் விடுகின்றன. ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ், சூப்பர் 8 போன்றவை பெரும்பாலும் இப்படித்தான். அந்த முதலாளி பழைய தரை விரிப்பை மாற்றச் செலவு செய்வாரா, ஏசியைப் பழுது பார்ப்பாரா என்பது அவர் கையில். பிரிட்டனின் பிரீமியர் இன், ஜெர்மனியின் மோட்டல் ஒன், ஜப்பானின் டோயோகோ இன் போன்றவை ஹோட்டல்களைப் பெரும்பாலும் தாங்களே நடத்துகின்றன. அதனால் இவற்றில் ஒரு கட்டடத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் குறைவாக இருக்கும். ஹோட்டல் பக்கத்தின் அடியிலோ புக்கிங் நிபந்தனைகளிலோ 'இந்த ஹோட்டல் தனி உரிமையாளரால் நடத்தப்படுகிறது' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் அது ஃபிரான்சைஸ். அது மோசம் என்று முடிவு கட்ட வேண்டாம். ரிவ்யூவைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும், அவ்வளவே.

இன்னொரு குழப்பம், ஒரே குடும்பப் பெயரில் பல தரங்கள் இருப்பது. ஐபிஸ், ஐபிஸ் ஸ்டைல்ஸ், ஐபிஸ் பட்ஜெட் மூன்றும் மூன்று விதம். பட்ஜெட்டில் அறை சின்னது, வசதி குறைவு. பிரீமியர் இன்னிலேயே 'ஹப்' என்று வருவது நகர நடுவில் இருக்கும் குட்டி அறைகள். பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் சின்னச் சொல்லைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

படி 1: ஹோட்டலுக்கு முன்னால் தேதி

செலவைக் குறைப்பதில் தள்ளுபடிக் கூப்பன் செய்யாத வேலையைக் காலண்டர் செய்யும். பட்ஜெட் செயின்களின் கட்டணம் தினமும் மாறும். எந்த இரவுக்கு எவ்வளவு பேர் தேடுகிறார்கள் என்பதை வைத்து அது ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு.

அலுவலகங்கள் நிறைந்த பகுதியில் இருக்கும் ஹோட்டலுக்கு வேலை விஷயமாக வருகிறவர்கள்தான் வாடிக்கையாளர்கள். அவர்கள் வார நாட்களில் வந்து வெள்ளிக்கிழமை காலையில் காலி செய்துவிடுவார்கள். அதனால் அங்கே வெள்ளி, சனி இரவுகள் மலிவு. கடற்கரை, மலை, பழைய நகரம் போன்ற சுற்றுலா இடங்களில் கதை தலைகீழ். வெள்ளி, சனி உச்சத்தில் இருக்கும், செவ்வாய் புதன் இறங்கும்.

பலர் கவனிக்காமல் விடுவது ஞாயிறு இரவு. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் கிளம்பியிருப்பார்கள், வேலைக்கு வருகிறவர்கள் இன்னும் வந்திருக்க மாட்டார்கள். பெரும்பாலான நகரங்களில் வாரத்திலேயே மலிவான இரவு அதுதான். வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு திரும்பும் பயணத்தை, திங்கள் லீவு போட முடிந்தால், சனி கிளம்பித் திங்கள் திரும்புவதாக மாற்றிப் பாருங்கள். இரண்டு இரவில் ஒன்று மலிவாகிவிடும்.

செயினின் சொந்தத் தளத்திலோ ஒப்பீட்டுத் தளத்திலோ மாதக் காலண்டர் காட்டும் வசதி இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். நீங்கள் நினைத்த நாளில் மட்டும் கட்டணம் பக்கத்து நாட்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்றால், அன்று அந்த ஊரில் ஏதோ நடக்கிறது: வர்த்தகக் கண்காட்சி, பெரிய கச்சேரி, மேட்ச், மாரத்தான், பட்டமளிப்பு. ஒரு வாரம் தள்ளிப் போனால் அதே அறை சாதாரண விலைக்கு வரும். அறை மட்டுமா? அன்றைக்குப் போனால் ரயிலிலும் கூட்டம், தெருவிலும் கூட்டம்.

படி 2: இடம் — பெயரை நம்பாதே, வரைபடத்தை நம்பு

ஊர்ப் பெயருக்குப் பின்னால் 'வடக்கு', 'ஏர்போர்ட்', 'கேட்வே' என்று ஏதாவது ஒட்டியிருந்தால் எச்சரிக்கை. அந்த ஹோட்டல் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில், நகர நடுவிலிருந்து 15, 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். கார் இருப்பவருக்கு அது சௌகரியம். பஸ், ரயிலை நம்பி வருகிறவருக்குத் தொல்லை.

தேடல் தளத்தில் 'மையத்திலிருந்து 2 கி.மீ.' என்று போட்டிருப்பது பெரும்பாலும் நேர்க்கோட்டுத் தூரம். நடுவே ஆறு ஓடும், ரயில் பாதை குறுக்கிடும். ஹோட்டல் முகவரியை வரைபடத்தில் போட்டு மூன்று வழிகளைக் கேளுங்கள்: நீங்கள் இறங்கும் நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு, ஹோட்டலிலிருந்து நீங்கள் அதிகம் சுற்றப்போகும் பகுதிக்கு, அங்கிருந்து இரவு 10.30-க்குத் திரும்பி வர. மூன்றாவதுதான் முக்கியம். கடைசி பஸ்ஸோ ரயிலோ போய்விட்ட பிறகு டாக்ஸி மட்டுமே வழி என்றால், அந்தக் கட்டணத்தை இப்போதே அறை வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

தெருப் படங்களைப் பார்க்கும் வசதியில் ஹோட்டல் வாசலில் ஒருமுறை சுற்றிலும் பாருங்கள். எதிரே மேம்பாலம் இருக்கிறதா, கீழ்த்தளத்தில் இரவு விடுதி இருக்கிறதா, பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா என்பதெல்லாம் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். படம் எடுத்த தேதி மூலையில் இருக்கும். பழைய படமாக இருந்தால் அதற்கேற்றபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: முழுக் கணக்கு

முதல் பக்கத்தில் தெரியும் தொகையை வைத்து எதையும் ஒப்பிடாதீர்கள். சில நாட்டுத் தளங்கள் வரி சேர்த்துக் காட்டும், சில தளங்கள் கடைசிப் பக்கத்தில்தான் சேர்க்கும். நகர வரி என்று ஒன்று உண்டு. பல ஐரோப்பிய நகரங்களில் அது தலைக்கு, இரவுக்கு என்று வசூலாகும், சிலவற்றில் அறைக் கட்டணத்தில் ஒரு சதவீதம். ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் இது 12.5 சதவீதம். பல சமயம் இது ஆன்லைனில் கட்டும் தொகையில் சேராது, ஹோட்டலில் போய்த் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும்.

ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்க்கலாம், எண்களை எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர், இரண்டு இரவு.

ஹோட்டல் 'அ' ஊருக்கு வெளியே. இரவுக்கு 100. இரண்டு இரவுக்கு 200. வரி 12 சதவீதம் தனி, அதற்கு 24. காலை உணவு தலைக்கு 8 வீதம் நான்கு முறை, 32. நகருக்குள் போய்வர ஒரு நடைக்குத் தலைக்கு 4. இரண்டு பேர், ஒரு நாளைக்குப் போக ஒன்று வர ஒன்று, இரண்டு நாளைக்கு 32. ஒருநாள் இரவு நேரமாகித் திரும்பி வர டாக்ஸி பிடித்தால் 25, அதில் அன்று மிச்சமாகும் இருவரின் நடைக் கட்டணம் 8 போக 17. மொத்தம் 305.

ஹோட்டல் 'ஆ' நகர நடுவில். இரவுக்கு 130, வரியும் காலை உணவும் உட்பட. நடந்தே போய்வரலாம். மொத்தம் 260.

தேடல் பட்டியலில் 'அ' மேலே இருந்திருக்கும், 'ஆ' 30 சதவீதம் விலை அதிகம் என்று தெரிந்திருக்கும். கடைசியில் 45 மிச்சமாவது 'ஆ'-வில்தான். போக்குவரத்தில் போகும் இரண்டு மூன்று மணி நேரம் இந்தக் கணக்கில் வரவே இல்லை. காரில் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். நகர நடுவில் பார்க்கிங் கட்டணம் சேரும், புறநகரில் பெரும்பாலும் இலவசம். அப்போது 'அ' ஜெயிக்கலாம்.

கூட்ட வேண்டியவற்றில் மறந்துபோகும் சில: பார்க்கிங், கூடுதல் ஆள் கட்டணம், சீக்கிரம் செக்-இன் செய்யவும் தாமதமாகக் காலி செய்யவும் ஆகும் கட்டணம், வேகமான வைஃபைக்குத் தனிக் கட்டணம், செல்லப் பிராணிக்கான கட்டணம். மிகவும் மலிவான சில செயின்களில் துண்டு, தினசரிச் சுத்தம், ஏன் டிவிகூட, தனிக் கட்டணத்தில் வரலாம். காலை உணவைப் பொறுத்தவரை, புக்கிங் செய்யும்போதே சேர்ப்பதா வேண்டாமா என்று அவசரப்படாதீர்கள். பெரும்பாலான இடங்களில் முதல் நாள் இரவு ரிசப்ஷனில் சொன்னாலும் போதும். காலை 6 மணிக்குக் கிளம்பும் திட்டமிருந்தால் சாப்பிட முடியாத உணவுக்குப் பணம் கட்டியதாகிவிடும்.

படி 4: அறையின் அளவு, கட்டில், ஜன்னல்

பட்ஜெட் செயின் அறை பொதுவாக 12 முதல் 20 சதுர மீட்டருக்குள். 12 என்றால் கட்டிலைச் சுற்றி ஒருவர் நடக்கலாம், இன்னொருவர் பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் முதல் ஆள் கட்டிலில் ஏறிக்கொள்ள வேண்டும். ஓர் இரவுக்குப் பரவாயில்லை. மூன்று இரவு, இரண்டு பெரிய பெட்டி என்றால் 15-க்குக் கீழே போகாதீர்கள்.

'டபுள்' என்றால் ஒரே கட்டில், 'ட்வின்' என்றால் இரண்டு தனிக் கட்டில். நண்பர்கள் இருவர் டபுளைப் புக் செய்துவிட்டு ரிசப்ஷனில் நின்று விழிப்பது அடிக்கடி நடக்கிறது. கட்டில் அகலத்தை சென்டிமீட்டரில் பாருங்கள்: 140 என்றால் இருவருக்கு இறுக்கம், 160 வசதி. ஜப்பானில் 'செமி டபுள்' என்று வருவது சுமார் 120 மட்டுமே. இருவர் படுக்கலாம் என்று தளம் சொல்லும், முதுகு வேறு விதமாகச் சொல்லும். 'உங்கள் விருப்பம்' என்ற பெட்டியில் ட்வின் கேட்பது வேண்டுகோள் மட்டும்தான். உறுதி வேண்டுமானால் ட்வின் என்றே பெயரிட்ட அறை வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம்ப முடியாத விலைக்கு அறை கிடைத்தால் ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். நகர நடுப் பட்ஜெட் ஹோட்டல்களில் ஜன்னலில்லா அறைகளைத் தனி வகையாகவே விற்கிறார்கள். இரவு வந்து காலையில் கிளம்புபவருக்கு அது நல்ல பேரம். அடைந்த இடத்தில் மூச்சு முட்டும் என்பவருக்கு நரகம். புகை பிடிக்கும் அறை, பிடிக்காத அறை என்று பிரித்து விற்கும் நாடுகளில் அந்தக் கட்டத்தையும் டிக் செய்ய மறக்காதீர்கள். திரையில் ஊறிய சிகரெட் வாடை ஒருநாள் ஜன்னலைத் திறந்து வைத்தால் போகாது.

குழந்தைகளோடு போகிறவர்கள் எண்ணிக்கையையும் வயதையும் உள்ளபடி போடுங்கள். பெற்றோரோடு ஒரே அறையில் குழந்தைக்கு இலவசம் என்று பல செயின்கள் சொல்கின்றன, வயது வரம்பு செயினுக்குச் செயின் மாறும். இரண்டு பேர் என்று போட்டுவிட்டு நான்கு பேராகப் போய் நின்றால், தீ பாதுகாப்பு விதியைக் காட்டி இன்னோர் அறை எடுக்கச் சொல்வார்கள். அது வாக்குவாதத்தில் ஜெயிக்கக்கூடிய விஷயமில்லை. குடும்ப அறையில் மூன்றாம், நான்காம் படுக்கை இழுத்து விரிக்கும் சோபாவாக இருக்கும். பத்து வயதுவரை சரி, அதற்கு மேல் முனகல் வரும்.

படி 5: ரிவ்யூ படிக்கும் முறை

மொத்த மதிப்பெண் ஒரு வடிகட்டி மட்டும். 10-க்கு 7-க்குக் கீழே இருந்தால் தாண்டிப் போங்கள். 8-க்கு மேல் இருப்பவற்றில் எது நல்லது என்று அந்த எண்ணே சொல்லாது. ஐந்து வருடத்துக்கு முன் புதிதாகத் திறந்தபோது விழுந்த நல்ல மதிப்பெண்கள் இன்னும் சராசரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

'புதியவை முதலில்' என்று வரிசைப்படுத்தி, கடந்த ஆறு மாதத்து ரிவ்யூ இருபது படியுங்கள். ஒன்று கொடுத்துத் திட்டுகிறவர்களும் பத்து கொடுத்துப் புகழ்கிறவர்களும் அதிகம் பயன்பட மாட்டார்கள். நடுவில் ஆறும் ஏழும் கொடுத்தவர்கள்தான் 'அறை சுத்தம், ஆனால் லிஃப்ட் பக்கத்து அறையில் இரவெல்லாம் சத்தம்' என்று உருப்படியாக எழுதுவார்கள். பிறகு தேடல் பெட்டியில் இந்தச் சொற்களைப் போட்டுப் பாருங்கள்: சத்தம், வாடை, மூட்டைப்பூச்சி, வெந்நீர், ஏசி, லிஃப்ட், கட்டட வேலை. ஒரே குறையை வெவ்வேறு மாதங்களில் மூன்று பேர் சொன்னால் அது உண்மை. ஒருவர் மட்டும் சொன்னால் அன்றைய விபத்தாக இருக்கலாம். மூட்டைப்பூச்சிக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. சமீபத்தில் படத்தோடு ஒருவர் போட்டிருந்தாலே வேறு ஹோட்டல் பாருங்கள்.

யார் எழுதினார்கள் என்பதும் கணக்கு. தனியாக வேலைக்கு வந்தவருக்கு அறையின் அளவு உறுத்தாது. குடும்பத்தோடு வந்தவருக்கு உறுத்தும். உங்களைப் போன்றவர்களின் ரிவ்யூவை வடிகட்டிப் படியுங்கள். ஹோட்டல் போட்ட படங்கள் அகலக் கோண லென்ஸில் எடுத்தவை, குளியலறைகூட மண்டபம் போலத் தெரியும். விருந்தினர்கள் போட்ட படங்களில் ஷவர் மூலை, தரை விரிப்பு, ஏசி துவாரம் மூன்றையும் பாருங்கள். பராமரிப்பு தளர்ந்தால் முதலில் கறுப்பது இந்த மூன்று இடங்கள்தான்.

படி 6: எங்கே, எந்தக் கட்டணத்தில் புக் செய்வது

தேட ஒப்பீட்டுத் தளம், கட்ட செயினின் சொந்தத் தளம் என்பது பொது விதி. ஒப்பீட்டுத் தளத்தில் மூன்று ஹோட்டலைக் குறித்துக்கொண்டு, அந்தந்தச் செயினின் தளத்தில் இலவச உறுப்பினராகச் சேர்ந்து உள்ளே போய்ப் பாருங்கள். உறுப்பினர் விலை பெரும்பாலும் கொஞ்சம் குறைவு. அடுத்த முறை தள்ளுபடிக்கு உதவும் உறுப்பினர் புள்ளிகளும் பொதுவாக நேரடியாகக் கட்டினால்தான் சேரும். இடைத்தரகுத் தளத்துக்கு ஹோட்டல் கணிசமான கமிஷன் கொடுக்கிறது என்பதால், ஏதாவது மாற்ற வேண்டியிருக்கும்போது நேரடி வாடிக்கையாளருக்கு ரிசப்ஷனில் கை தாராளமாக இருக்கும். தேதி மாற்ற வேண்டுமென்றால் 'நீங்கள் எங்கே புக் செய்தீர்களோ அங்கே கேளுங்கள்' என்று அனுப்பப்படும் அலைச்சலும் இல்லை. தரகுத் தளத்தில் நிஜமாகவே விலை குறைவு என்றால், அதே அறை வகை, அதே கேன்சல் நிபந்தனைதானா என்று பார்த்துவிட்டு, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துச் செயினிடம் காட்டிப் பாருங்கள். விலை சமன் செய்யும் ஏற்பாடு பல செயின்களில் உண்டு.

கட்டண வகை பொதுவாக இரண்டு. ரீஃபண்ட் இல்லாத மலிவு விலை ஒன்று, கேன்சல் செய்யக்கூடிய விலை ஒன்று. வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் என்றால் கேன்சல் செய்யக்கூடியதை எடுத்துவிடுங்கள். அதில் காப்பீடு மட்டுமல்ல, இன்னொரு லாபமும் இருக்கிறது: பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு அதே அறையின் விலையை மறுபடி பாருங்கள். இறங்கியிருந்தால் புதிய விலையில் எடுத்துக்கொண்டு பழையதைக் கேன்சல் செய்யலாம். வரிசை முக்கியம். புதியது உறுதியான பிறகுதான் பழையதில் கை வைக்க வேண்டும். கேன்சல் கெடு ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சில இடத்தில் அன்று மாலை 6 மணிவரை, சில இடத்தில் 24 அல்லது 48 மணி நேரம் முன்பு.

தேதியில் விழும் குழி

புதியவர்கள் அதிகம் பணம் இழக்கும் தவறு இது. விமானம் 15-ஆம் தேதி அதிகாலை 1.30-க்கு இறங்குகிறது. 15-ஆம் தேதிக்கு அறை போட்டுவிட்டார்கள். ஹோட்டல் கணக்கில் 15-ஆம் தேதி அறை என்பது 15 பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத்தான் தொடங்குகிறது. அதிகாலை 2.30-க்குப் போய் நின்றால் அறை கிடையாது, 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த அதிகாலையில் படுக்க வேண்டுமென்றால் புக் செய்ய வேண்டியது 14-ஆம் தேதி இரவு.

சரியாக 14 போட்டவர்களுக்கும் ஒரு வேலை பாக்கி: 'நள்ளிரவுக்குப் பிறகு வருவோம்' என்று ஹோட்டலுக்கு முன்கூட்டியே எழுதிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரவு 12-க்கு மேல் வராதவர் கணக்கில் சேர்த்து, முழு புக்கிங்கையும் கேன்சல் செய்துவிட வாய்ப்புண்டு. முதல் இரவு போவதோடு மற்ற இரவுகளும் சேர்ந்து போகும். ரிசப்ஷனில் இரவில் ஆள் இருக்கிறாரா என்பதையும் அப்போதே கேளுங்கள். சில பட்ஜெட் ஹோட்டல்களில் இரவு 10 மணிக்கு மேல் வாசலில் இருக்கும் இயந்திரத்தில் எண்ணைப் போட்டுத்தான் உள்ளே போக முடியும். அந்த எண் வரும் மின்னஞ்சலைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் நெட் இல்லாமல் வாசலில் நின்று அதைத் தேடுவது பெரும் பாடு.

பயணத்துக்கு மூன்று நாள் முன்பு ஒரு சின்னச் செய்தி அனுப்புவது நல்லது: மேல் மாடி, லிஃப்டுக்குத் தள்ளி, தெருவைப் பார்க்காத அறை இருந்தால் கொடுங்கள் என்று. இலவச வேண்டுகோள்தான், கிடைக்காமலும் போகலாம். ஆனால் அன்று காலையில் அறை ஒதுக்குகிறவர் கண்ணில் பட்டால் பாதி இரைச்சல் போய்விடும்.

படி 7: செக்-இன்

அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் புக்கிங் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, அப்பா பெயரா குடும்பப் பெயரா என்ற குழப்பம் தமிழ்ப் பெயர்களில் எப்போதும் வரும். பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே போட்டால் பிரச்சினை இல்லை.

முழுப் பணமும் கட்டியிருந்தாலும் கார்டு கேட்பார்கள். சேதத்துக்கும் கூடுதல் செலவுக்கும் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். பணம் போகவில்லை, ஆனால் உங்களால் எடுக்கவும் முடியாது. காலி செய்த பிறகு அது விடுபட சில நாட்கள் ஆகும். டெபிட் கார்டு கொடுத்தால் கைச்செலவுக்கு வைத்திருந்த உங்கள் பணமே முடங்கும். கிரெடிட் கார்டு இருந்தால் அதைக் கொடுங்கள். எவ்வளவு, எத்தனை நாள் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

அறையில் முதல் பத்து நிமிடம்

பெட்டியைக் கட்டிலிலும் தரை விரிப்பிலும் வைக்காதீர்கள். குளியலறைத் தரையில் வையுங்கள். ஓடு பதித்த தரையில் மூட்டைப்பூச்சி ஒளிய இடம் கிடையாது.

போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு கட்டிலின் தலைமாட்டுக்குப் போங்கள். மேல் விரிப்பு, மெத்தை உறை இரண்டையும் ஒரு மூலையில் தூக்கி, மெத்தையின் விளிம்புத் தையலை விரலால் விலக்கிப் பாருங்கள். பேனா முனையால் தொட்டது போன்ற கறுப்புப் புள்ளிகள் கொத்தாக இருந்தால் அது எச்சம். துரு நிறக் கறை நசுங்கிய பூச்சி. வளர்ந்த பூச்சி ஆப்பிள் விதை அளவில், தட்டையாக, பழுப்பாக இருக்கும். பிறகு தலைமாட்டுப் பலகைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட இடுக்கு. ஒரே ஒரு புள்ளி தேநீர்க் கறையாகவும் இருக்கலாம், கொத்தாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு, பெட்டியோடு வெளியே வந்து, வேறு அறை கேளுங்கள். அந்த அறைக்குப் பக்கத்து அறையோ மேல் கீழ் அறையோ வேண்டாம், தள்ளி இருக்கும் அறை வேண்டும் என்று சொல்லுங்கள். சுவர் இடுக்கு வழியாகவும் ஒயர் குழாய் வழியாகவும் அடுத்த அறைக்குப் போய்விடும் ஜாதி அது.

அதற்குப் பிறகு வரிசையாக: வெந்நீர்க் குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் விடுங்கள், தண்ணீர் வடிகிறதா என்றும் அப்போதே தெரியும். ஏசி ஓடுகிறதா, டிகிரி மாற்றினால் கேட்கிறதா? பல கட்டடங்களில் அது மையக் கட்டுப்பாட்டில் இருக்கும், அறையில் இருக்கும் பொத்தான் ஒப்புக்குத்தான். கதவுப் பூட்டும் உள் தாழ்ப்பாளும் விழுகின்றனவா? வைஃபை கட்டில் வரை எட்டுகிறதா? கதவின் பின்புறம் ஒட்டியிருக்கும் தீ வழிப் படத்தைப் பார்த்து, அவசரப் படிக்கட்டுக்கு எத்தனை கதவு தள்ளி என்று எண்ணி வையுங்கள். புகையில் கண் தெரியாதபோது கை தடவிப் போக அந்த எண்தான் உதவும்.

குறை இருந்தால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன், கட்டிலில் உட்காருவதற்கு முன் சொல்லுங்கள். பயன்படுத்தாத அறையை மாற்றித் தருவது ஹோட்டலுக்குச் சுலபம், அரை மணியில் முடியும். இரவு தூங்கி எழுந்து காலையில் சொன்னால் மன்னிப்பு மட்டும் கிடைக்கும். மேலிடத்துக்குப் புகார் போகிற அளவு என்றால் படம், நேரம், யாரிடம் சொன்னீர்கள் மூன்றும் கையில் இருக்கட்டும்.

அறை இல்லை, நிரம்பிவிட்டது என்று ரிசப்ஷனில் கைவிரிப்பதும் நடக்கும். வராமல் போகிறவர்களைக் கணக்கில் வைத்துக் கூடுதலாக விற்பதால் வரும் வினை. அப்போது இந்த மூன்றையும் கேளுங்கள்: சமமான அல்லது மேலான அறை பக்கத்தில் எங்கே, அங்கே போகும் வண்டிச் செலவு யாருடையது, விலை வித்தியாசம் யாருடையது. பெரிய செயின்கள் வழக்கமாகத் தங்கள் இன்னொரு ஹோட்டலில் ஏற்பாடு செய்துகொடுக்கும். மாலை 4, 5 மணிக்குள் போய்விடுகிறவருக்கு இந்தச் சிக்கல் அபூர்வம்.

காலி செய்யும் நாள்

செக்-அவுட் 10 மணியா, 11-ஆ, 12-ஆ என்பது செயினுக்குச் செயின் மாறும். டோயோகோ இன்னில் 10. திரும்பும் ரயில் மாலையில் என்றால் தாமதக் கட்டணம் கட்ட வேண்டாம். பெட்டியை ரிசப்ஷனில் வைத்துவிட்டுச் சுற்றலாம், அநேகமாக எல்லா இடத்திலும் வாங்கி வைப்பார்கள். ஆளில்லாத ஹோட்டலாக இருந்தால் மட்டும் லாக்கர் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது இயந்திரம் 'உங்கள் நாட்டுப் பணத்திலா, உள்ளூர்ப் பணத்திலா' என்று கேட்கும். உள்ளூர்ப் பணம் என்று அழுத்துங்கள். உங்கள் நாட்டுப் பணம் என்றால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தின் நிறுவனம் தீர்மானிக்கும், அதில் அதன் லாபமும் சேர்ந்திருக்கும். பில்லைக் காகிதத்திலோ மின்னஞ்சலிலோ வாங்கி, நகர வரி இரண்டு முறை ஏறியிருக்கிறதா, சாப்பிடாத காலை உணவு விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஊருக்கு வந்த பிறகு ஒரு வாரம் கழித்துக் கார்டு கணக்கைத் திறந்து, முடக்கி வைத்த தொகை விடுபட்டதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பில்லோடு முதலில் ஹோட்டலுக்கு எழுதுங்கள், ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் வங்கிக்கு.